மச்சான் ஏன் உடனே டிரைவிங் பழக வேண்டும்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, எங்கள் பிள்ளையான உங்கள் மருமகன் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். போன வருடம் என் மூல வியாதியைப் பற்றி அந்தரங்கமாக உங்களிடம் கேட்டேன். கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த நாலு பேரும் கேட்டு, அதில் ஒருவர் எனக்கு வைத்தியமே சொன்னார். அந்த மாதிரி இந்த விஷயமும் ஆகிவிடக் கூடாது என்றுதான், வகுப்புக்கு வருகிறவர்களின் வருகைத் தாளுடைய பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் என் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து சேர வேண்டும். ஒரே மாதத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் மூன்று தடவை டெஸ்டில் தோற்றதையும், ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற உங்களுக்கு எதிரே நின்ற மின்கம்பம் தெரியாமல் போனதையும், "உங்களுக்கு இந்த ஜென்மத்தில் வண்டி வராது" என்று நான் எல்லார் முன்னாலும் சொன்னதையும் மறந்துவிடுங்கள். நானும் மறந்துவிட்டேன். காரணம் உங்கள் மருமகன்.

அவன் மேல்படிப்புக்குச் சேர்ந்திருக்கும் கல்லூரி நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் போகிறான். போகிறதுக்கு முன்னால் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடிக்க வேண்டுமாம், முடித்தால்தான் அறைச் சாவி தருவார்களாம். நம் வீட்டில் யார் எந்தப் படிவம் நிரப்பினாலும் ஈமெயில் என்னுடையது, போன் நம்பர் என்னுடையது. இருபத்தோரு வயசுப் பையனுக்கு வருகிற ஓ.டி.பி. கூட எனக்குத்தான் வரும். ஆகவே அந்தக் கோர்ஸும் எனக்குத்தான் வந்தது. திறந்து பார்த்தால் தலைப்பு, 'இளைஞர்களுக்கான பொறுப்புள்ள மது அருந்துதல், ஏழு பாடங்கள்'. எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தேன், அதேதான். குடிக்காதே என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் எப்படிக் குடிப்பது என்று பாடம் நடத்துகிறார்களா, இதற்கா மார்க் வாங்கவைத்தோம் என்று உங்கள் தங்கையிடம் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே, பாடத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கத்தச் சொன்னாள். அதைத்தான் செய்தேன். ஆனால் அவள் சொன்ன அர்த்தத்தில் செய்யவில்லை. பிள்ளைக்கு இந்த விவகாரமே தெரிய வேண்டாம், அவனுக்குப் பதிலாக நானே ஏழு பாடத்தையும் எழுதி முடித்துவிடுகிறேன் என்று முடிவு பண்ணினேன்.

நான் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவன் இல்லை, உங்களுக்கே தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. பாடத்தைப் படிப்பானேன் என்று நேராகக் கேள்விக்குப் போய்விட்டேன். குடித்தவன் சீக்கிரம் தெளிய என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். சூடாகக் காபி என்று தொட்டேன். தப்பாம். குளிர்ந்த தண்ணீரில் குளியல் என்று தொட்டேன். அதுவும் தப்பு. நேரம் ஒன்றுதான் தெளியவைக்குமாம். மயங்கிக் கிடக்கும் நண்பனை எப்படிப் படுக்கவைப்பாய் என்றதற்கு மல்லாக்க என்று போட்டேன். பெரிய தப்பு, வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும், ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆள் எழும்பாவிட்டால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றது திரை. ஒவ்வொரு தப்புக்கும் தொப்பி போட்ட ஒரு கார்ட்டூன் வாத்து வந்து, 'மனம் தளராதீர்கள்' என்று இறக்கையை ஆட்டியது. எத்தனை குவளைக்குப் பிறகு வண்டி ஓட்டலாம் என்ற கேள்விக்கு மட்டும், 'ஒன்றுக்குப் பிறகும் கூடாது' என்பதை இரண்டு தடவை அழுத்தித் தொட்டேன். அதில் முழு மார்க். மற்றபடி மூன்று முறை எழுதி மூன்று முறையும் பெயில். அதாவது மச்சான், உங்கள் டெஸ்ட் கணக்கும் என் டெஸ்ட் கணக்கும் இப்போது சமம்.

மூன்றாவது தடவையோடு கோர்ஸ் பூட்டிக்கொண்டது. 'உங்கள் பதில்கள் எங்களுக்குக் கவலை தருகின்றன, எங்கள் ஆலோசகர் நாளை மாலை நாலு மணிக்கு வீடியோவில் உங்களோடு பேசுவார்' என்று ஈமெயில் வந்தது. நான் சட்டையை மாற்றி, மீசையைச் சீவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஆலோசகர் அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். என்னை ஒரு தடவையும் கையிலிருந்த தாளை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, வயது இருபத்தொன்று என்று போட்டிருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்சம் வேலை ஜாஸ்தி, அதுதான் முகம் இப்படி என்றேன். வேறு என்ன சொல்ல. அந்த நேரம் பார்த்து உங்கள் மருமகன் தலையில் ஈரத் துண்டோடு அறைக்குள் வந்தான். திரையில் தன் பெயருக்கு மேலே என் முகம் இருப்பதைப் பார்த்தான். அவன் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மாவும் திட்டவில்லை, உங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கேட்கிறேன் என்றார். இதுவரை குடித்தது உண்டா என்பது முதல் கேள்வி. நான் அவன் சார்பில் இல்லை என்று ஏற்கெனவே மூன்று முறை தொட்டிருந்தேன். அவன் அமைதியாக, ரெண்டு தடவை என்றான். இருபத்தாறு வருடமாக, பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆபத்து என்று தோன்றினால் மூளைக்கு முன்னால் வலது கால் போய்விடும். போயிற்று. மேஜைக்கு அடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் மேல் போய் விழுந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது, ஆலோசகர் அம்மா காணாமல் போனார். மறுபடி எல்லாம் உயிர் பெற்று வர எட்டு நிமிடம் ஆயிற்று. அந்த எட்டு நிமிடமும் நாங்கள் இருவரும் கறுப்புத் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் திரும்ப வந்ததும் ஏழாவது பாடத்தின் கேள்வியைக் கேட்டார். அப்படியே எழுதுகிறேன். "குடிச்சிட்டு எங்கயோ மாட்டிக்கிட்டீங்க. வண்டி ஓட்டக் கூடாது. பயப்படாம யாருக்குப் போன் பண்ணுவீங்க? ஒரே ஒரு ஆள்."

அவன் யோசிக்கவே இல்லை. "மாமா," என்றான்.

அப்பா இல்லையா என்று அந்த அம்மா கேட்டார். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்பா எங்க இருந்தாலும் வந்துருவாருங்க. ஆனா வந்தது அப்பாவா, டிரைவிங் மாஸ்டரான்னு வண்டியில ஏறினாத்தான் தெரியும்."

அப்போது என் கால் அசையவே இல்லை மச்சான். அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். லைசென்ஸ் எடுத்த வாரம் வண்டியைச் சுவரில் உரசிவிட்டு எனக்குப் போன் பண்ணினான். போனேன். அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால் சாக்பீஸை எடுத்து, ரோட்டிலேயே படம் வரைந்து, எந்த இடத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியிருக்க வேண்டும் என்று நாற்பது நிமிடம் பாடம் எடுத்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார். அதற்குப் பிறகு அவன் எதற்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. பையன் பொறுப்பாகிவிட்டான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருமுனை டைலரின் மகனை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். என்னிடம் பழகியவன்தான், என் மாணவர்களில் அவனைப் போல நிதானமாகக் கிளட்சை விட்டவன் கிடையாது. ஒரு விருந்தில் குடித்துவிட்டுத் தானே ஓட்டி வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் டைலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கூப்பிடப் பயந்துட்டான் மாஸ்டர்," என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்மேல் பரிதாபப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன்தான் நான். நேற்று நாலரை மணிக்குத்தான் அந்த வராந்தாவில் நானும் நிற்கலாம் என்று எனக்கு உறைத்தது. பயமாக இருக்கிறது மச்சான்.

பிறகு அந்த அம்மா கோர்ஸின் பூட்டைத் திறந்துவிட, அவன் ஏழு பாடத்தையும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தொண்ணூற்றிரண்டு வாங்கிவிட்டான். ஈமெயில் என்னுடையது என்பதால் சான்றிதழ் முதலில் என் பெயரில் வந்து, அப்புறம்தான் திருத்தி அனுப்பினார்கள். என் பெயரில் வந்ததை உங்கள் தங்கை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். அவன் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டான், அதனால் நீங்கள் வண்டி பழகியே ஆக வேண்டும். அவன் கூப்பிட்டால் போங்கள். ஏன், எத்தனை, யாரோடு என்று ஒன்றும் கேட்காதீர்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். பத்திரமாக இருக்கிறான் என்று உங்கள் தங்கைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன். பெற்ற பிள்ளைக்காக நான் போக முடியாத இடத்துக்கு உங்களை அனுப்புகிறேன். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். இந்தத் தடவை கம்பத்தை இடித்தாலும் கத்த மாட்டேன் என்று உங்கள் தங்கை முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கடைக்கு வருகிற கண்களெல்லாம் தெளிவாகட்டும், உங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். இன்று காலை தபால்பெட்டி வரைக்கும் உங்கள் மருமகன்தான் டிரைவிங் ஸ்கூல் வண்டியை ஓட்டினான். நான் பக்கத்து சீட்டில். கையில் இருந்த கடிதத்தைப் பார்த்து, மாமாவுக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டான். திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்கு வகுப்பு என்று மட்டும் சொன்னேன். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக வண்டியை ஓரம் கட்டினான். கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு அடங்கியபிறகு சொன்னான்.

"மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? அதனாலதான் அவர் பேரச் சொன்னேன். நான் கூப்பிட்டா அவரு உங்களத்தான் கூப்பிடணும், வேற வழியே இல்ல. உங்களுக்கு வர்ற முதல் கோவத்த அவர்மேல தீர்த்துருவீங்க. அப்புறம் காலேஜ் வரைக்கும் நாப்பது நிமிஷம் தனியா ஓட்டிட்டு வருவீங்க. மாஸ்டர் நடு வழியிலேயே எறங்கிருவாரு. வந்து சேர்றது அப்பா மட்டும்தான்."

நான் இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுத்து, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவன் மீதித் தூரத்தை ஓட்டினான்.

ஆகவே மச்சான், மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். திங்கட்கிழமை வர வேண்டாம். தயவுசெய்து எந்தக் காலத்திலும் வண்டி ஓட்டப் பழகிவிடாதீர்கள். போனை மட்டும் அணைக்காமல் தூங்குங்கள்.