ஐந்து காலி பாட்டில்கள்

டாக்டர் கலைமதி மூன்றாவது முறையாக முடியாது என்று தலையாட்டினார். பிரவீன்ராஜ் மூன்றாவது முறையாகத் தலையைச் சொறிந்தான்.

"வாசனை வாஷெல்லாம் என் பேஷன்ட்டுக்கு எழுத மாட்டேன் பிரவீன். மாசமா இருக்கிறவங்க வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணியில கழுவினா போதும். முன்னாலேருந்து பின்னால துடைக்கணும், காட்டன் உள்ளாடை போடணும், யூரினை அடக்கக் கூடாது. எரிச்சல், அரிப்புன்னா நேரா என்கிட்ட வரணும். இதுல உங்க பாட்டிலுக்கு என்ன வேலை?"

பெண்களின் அந்தரங்கச் சுத்தத்துக்கான திரவம் விற்கும் கம்பெனியின் பிரதிநிதி அவன். ஸ்ரீரங்கத்தில் இந்த ஒரு டாக்டராவது எழுதாவிட்டால் அடுத்த மாதம் மதுரைக்கு மாற்றல். வீட்டில் மனைவி அனிஷாவுக்கு எட்டாம் மாதம். பிரசவ நேரத்தில் அவளை எப்படி விட்டுப் போவது?

"என் வொய்ஃபே இதைத்தான் யூஸ் பண்றாங்க டாக்டர். யூரின் டெஸ்ட் கிளீன்!"

"அப்படியா? சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டயே கேக்குறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

காட்டூர் வீட்டுக்குப் போனதும் பாத்ரூமில் பாட்டிலின் அளவைப் பார்த்தான். தினமும் பார்ப்பான். பாதிதான் குறைந்திருந்தது. சாட்சி பலமாக இருக்க வேண்டாமா?

"அனிஷா, இனிமே ரெண்டு வேளையும் போடு."

"சரிங்க."

சொன்ன பேச்சைத் தட்டாத மனைவி. அந்தப் பாட்டிலும் மளமளவென்று காலியானது. அவனுக்குத்தான் தலை அரிப்பு தாங்கவில்லை. டென்ஷன் என்று நினைத்தான். வேப்பெண்ணெய் தேய்த்தான். அந்த நாற்றம் போக இரண்டு வேளையும் ஷாம்பு போட்டுக் குளித்தான். அரிப்பு கழுத்துக்கு இறங்கியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை, அனிஷா இதுவரை காலி செய்த ஐந்து பாட்டில்களையும் டாக்டரின் மேஜையில் வரிசையாக அடுக்கினான். பக்கத்தில் டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்தான்.

டாக்டர் பதறிப்போனார். "அஞ்சு பாட்டிலா! எரிச்சல் ஏதும் இருக்காம்மா?"

"இல்லையே டாக்டர்."

"பாத்தீங்களா?" என்று பிரவீன்ராஜ் இரண்டு கைகளாலும் சொறிந்தபடி சிரித்தான். மதுரை கண்ணைவிட்டு மறைந்துகொண்டிருந்தது.

"நான் வெறும் தண்ணியிலதான் கழுவுறேன் டாக்டர். எங்க ஏரியா நர்ஸம்மா மூணாம் மாசமே சொல்லிட்டாங்க."

"அப்ப இதெல்லாம் எப்படிக் காலியாச்சு?"

அனிஷா கணவனின் தலையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தினமும் வந்து அளவு பாக்குறாரு டாக்டர். கீழ ஊத்த மனசு வரல. இவரோட ஷாம்பு பாட்டில்ல ஊத்திட்டேன்."