வால்வு பாயின் வானொலி நிலையம்

கொடைக்கானலுக்குச் சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் இருந்தது என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. இருந்தது. அதன் டைரக்டர், என்ஜினியர், அறிவிப்பாளர், வாட்ச்மேன் எல்லாம் ஒரே ஆள்: பஜாரில் காய்கறிக் கடைக்கு மேல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த வால்வு பாய். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

ஐம்பதுகளின் கடைசி. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளவே லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீஸில் அதை எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா நான். பாயோ பழைய ரேடியோ வால்வுகளையும் ஒரு பிஸ்கட் டின்னையும் வைத்து டிரான்ஸ்மிட்டரே செய்துவிட்டார். கடை மாடியிலிருந்து யூகலிப்டஸ் மரத்துக்குக் கம்பி இழுத்து, தினமும் காலையில் பேசினார். வத்தலக்குண்டில் பூண்டு என்ன விலை, மலைப்பாதையில் பஸ் ஓடுகிறதா, நடுநடுவே தன் இருமல். பேத்துப்பாறை கிராமத்துப் பஞ்சாயத்து ரேடியோ வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"பாய், லைசென்ஸ் இல்லாம இது குத்தம்" என்றேன்.

"ஒலிபரப்புக்குத்தான சார் லைசென்ஸ்? நான் இன்னும் டெஸ்ட்தான பண்ணிக்கிட்டு இருக்கேன்."

நாலு வருஷம் டெஸ்ட் பண்ணினார். கூடவே மாதம் தவறாமல் லைசென்ஸ் கேட்டு டெல்லிக்கு ஒரு விண்ணப்பம். பதில் வராது. "நிதானமாப் படிக்கிறாங்க சார்" என்பார்.

ஓர் ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்தது. பூண்டு மூட்டையோடு இறங்கிப்போன பேத்துப்பாறைக்காரர்கள் பதினோரு பேரைக் காணோம். தந்திக் கம்பியும் அறுந்துவிட்டது. பாய் மறுநாள் வெள்ளனே குடையோடு அவர்களைத் தேடி நடந்து போனார். சாயங்காலம் சேறும் அட்டைக்கடியுமாகத் திரும்பி, நேரே மைக்கைப் பிடித்தார்.

"பேத்துப்பாறை, கேட்டுக்கோங்க. பதினோரு பேரும் பெருமாள்மலை பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்காங்க. மூக்கம்மா, உங்க வீட்டுக்காரரு வெத்தலை கிடைக்கலைன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காரு. அம்புட்டு நல்லா இருக்காரு."

அந்தப் புகழ் மலை இறங்கி, மேலதிகாரிகள் காது வரை போயிற்று. ஓர் ஆபீசர் பெட்டியும் கருவியுமாக ஜீப்பில் வந்து மூன்று நாள் ஊரைச் சுற்றினார். பஜாரில் யாரைக் கேட்டாலும், "ரேடியோவா? நமக்குத் தெரியாதுங்க."

மூன்றாம் நாள் காலை, பாயே ரேடியோவில் சொன்னார்: "ஆபீசர் ஐயா, சுத்துனது போதும். காய்கறிக் கடைக்கு மேல மாடி. வெரசா வாங்க, டீ ஆறிக்கிட்டு கெடக்கு."

நான் பதறி ஓடினேன். "ஏன் பாய் இப்படிப் பண்ணீங்க?"

"ஒளிஞ்சுக்கிட்டா இது திருட்டு ரேடியோ ஆயிரும் சார். இது நிலையம்."

ஆபீசர் டீயைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார். ரசீதில் 'கம்பி சுற்றிய தகர டின் ஒன்று' என்று எழுதியிருந்தது. பாய் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இரண்டு மணி நேர வாதம். கடைசியில் ஆபீசருக்குக் குளிர் தாங்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, 'ரேடியோ நிலையம் – ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா, அரசாங்கமே ஒத்துக்கிருச்சு" என்றார் பாய், காலி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு.

மறுநாள் தபால் ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் புது விண்ணப்பம். முன் அனுபவம்: நாலு வருஷம். ஆதாரம்: இணைக்கப்பட்ட ரசீது. அடியில், சிபாரிசு செய்யும் அரசு ஊழியர் என்று ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையில் நீடிக்க ஆசைப்படுகிற எவனும் போடக்கூடாத கையெழுத்து அது. பேனாவை உதறி, நன்றாகத் தெரியும்படி போட்டுக் கொடுத்தேன்.