ஆமைக்கு விரித்த வலையில் மாமனார்

புதிதாகக் கல்யாணமானவனிடம் ரகசிய வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. அவன் மூளையில் பாதி மாமனார் வீட்டில்தான் இருக்கும். இது என் சொந்த அனுபவம்.

திண்டுக்கல்லில் எனக்கு மோட்டார், பைப் விற்கும் கடை. வீடுகளுக்குள் பாம்பு புகுந்தால் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைப்பதும் உண்டு. ("பொண்ணு கேட்டு வந்தப்ப இதைச் சொல்லலையே" என்பது மாமனாரின் தீராத வருத்தம்.) அந்தப் பழக்கத்தில் ஒருநாள் ரேஞ்சர் கூப்பிட்டார். செம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவன் நட்சத்திர ஆமைக் குஞ்சுகளை விற்க வருகிறானாம். வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படியொரு ஏமாளிப் பணக்காரனாக நடிக்க வேண்டும்.

"உங்க மூஞ்சி தோதா இருக்கு" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆமையைக் கண்ணால் பார்த்ததும் இறக்கிவிட வேண்டும்; அதுதான் சைகை. டீக்கடையில் சாதாரண உடையில் இருக்கும் வனக்காவலர்கள் பாய்ந்துவிடுவார்கள். முன்னாடியே இறக்கினால் ஆளும் போவான், ஆமையும் போகும்.

பையோடு வந்தான். "அண்ணே, பாக்குறீகளா?" என்று பையின் வாயில் கை வைத்தான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன மாப்ள, இங்க நிக்கிறீக?"

மாமனார். மகளுக்குக் கொடுக்க ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கிளம்பியவர். திரும்பினேன். மாமனாரைக் கண்டால் மடித்த வேட்டி தானாக இறங்கும், வளர்ந்த விதம் அப்படி. இறங்கியது.

என் எதிரில் பையோடு நின்றவர் அவர்தானே. நான்கு காவலர்கள் வந்து அமுக்கினார்கள். கொய்யா பஸ் ஸ்டாண்ட் முழுக்க உருண்டது.

"ஆமை எங்கய்யா?"

"எந்த ஆமை? மாப்ள, யாரு இவுக? செத்த சொல்லுங்க."

சீறுகிற பாம்பைப் பிடிக்கிற நான், அவர் முகத்தைப் பார்க்காமல் கொய்யா பொறுக்கக் குனிந்தேன்.

விற்க வந்தவன் ஓடியிருக்கலாம். ஆனால் ஊரே பழம் பொறுக்குவதைப் பார்த்ததும் அவனும் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்துவிட்டான். (ஓடினால் சந்தேகம் வரும் என்று நினைத்தானோ, பழம் அவ்வளவு நன்றாக இருந்ததோ, தெரியவில்லை.)

பிடியில் இருந்தபோதும் மாமனாரின் கண் பழத்தின் மேலேயே இருந்தது.

"மாப்ள, ஒரு கொய்யா மட்டும் நடந்து போகுது."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சரிந்த பையிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, நசுங்கிய பழங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் அவன் ஓடப் பார்த்தான். காவலர்கள் மாமனாரை விட்டுவிட்டு அவனை அமுக்கினார்கள். ஒரு குஞ்சுகூடத் தவறவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாமனார் பக்கம் திரும்பத்தான் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் தள்ளிப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மகளைக் கையோடு கூட்டிப் போய்விடுவார் என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "ஒம் புருசன் என்னையவே புடிச்சுக் குடுத்துட்டாரும்மா" என்று ஆரம்பித்தவர், சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எந்த விசேஷ வீட்டிலும் பந்தியில் அவர் அதைத்தான் சொல்கிறார். காவலர்களின் எண்ணிக்கை கல்யாணத்துக்குக் கல்யாணம் ஏறுகிறது. போன மாதம் தாடிக்கொம்புக் கல்யாணத்தில் சொன்னபோது நாற்பது பேர் வந்தார்கள். "மாப்ள இன்னும் பாம்பு பிடிச்சுக்கிட்டா திரியிறாரு?" என்று பக்கத்து இலைக்காரர் கேலியாகக் கேட்டார்.

"அது நானும் அவரும் பாக்குற டிப்பார்ட்மெண்டு வேலை" என்றார் மாமனார். "ஒனக்குப் புரியாது அப்பு, நீ சாப்பிடு."