அப்பீலும் ஏழு ரபிகளும்

திண்டுக்கல்லில் அப்பீலிடம் தோற்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் அப்பீலைச் சந்தித்ததே இல்லை என்று பொருள்.

கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் ‘முடியாது’ என்றாலும், “சரி, உங்களுக்கு மேல யாரு?” என்பார். அதனால் ஊர் வைத்த பெயர்தான் அப்பீல். கண்டக்டரிடம் கேட்டார், டாக்டரிடம் கேட்டார். பேகம்பூர்க் கடையில் பிரியாணி தீர்ந்துவிட்டது என்றபோது முதலாளியின் வீடு வரைக்கும் போனார். இவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது பழனி ரோட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் அலுவலகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து ஏழு ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், வந்திறங்கினார்கள். உலகில் எங்கே மனித உரிமை நசுக்கப்பட்டாலும் தங்கள் சபையில் எழுந்து பேச அவர்களைத் தயார்படுத்தும் பயிற்சி. ஆண்டு 2003 என்பது என் கணக்கு. அப்பீல் 2004 என்பார். தை மாதம் என்பதில் மட்டும் தகராறில்லை. பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போன வாரம் அது.

பயிற்சிக்கு ஒரே விதி: பாதிக்கப்பட்டவர்கள் வந்து பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், தலையிடக் கூடாது. அப்பீலோ மொழிபெயர்ப்பதற்கு முன்பே பேசியவரோடு வாதாடினார். பிறகு ரபிகளோடு வாதாடினார். அவர்களுக்கும் வாதம்தான் சாப்பாடு போலிருக்கிறது. உற்சாகமாகத் திருப்பி வாதாடினார்கள். என் நிகழ்ச்சி நிரலை ஒருவரும் சீந்தவில்லை.

வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மறுநாள் இருட்டும்வரை ஓய்வுநாள். வண்டி ஏற மாட்டார்கள். அப்பீல் விடுவாரா? நடக்க முடியாதவன் என்ன செய்வான், மாடு கிணற்றில் விழுந்தால் என்ன செய்வது என்று குடைந்தெடுத்தார். கடைசியில் மூத்த ரபி, உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாள் விலகி நிற்கும், அப்போது வண்டி ஏறியே ஆக வேண்டும் என்றார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? சரி, உங்களுக்கு மேல யாரு?”

ரபி கூரையைக் காட்டினார்.

“அவருகிட்ட நம்ம மனு ரொம்ப நாளா நிலுவையில கெடக்கு” என்றார் அப்பீல். அதற்குள் ரசம் ஆறிப்போயிருந்தது.

சனிக்கிழமை நண்பகலில் பாண்டியம்மா ஓடிவந்தார். நூற்பாலையில் வேலை பார்த்து, வெளியே விடாத அதன் விடுதியில் இருக்கும் தன் மகளைப் பற்றி இரண்டு நாள் முன்பு எங்கள் கூட்டத்தில் பேசியவர்.

“புள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துருச்சாம் சார். கண்ணு முழிக்கலையாம். கேட்டத் தொறக்க மாட்டேங்கிறாங்க.”

இயக்குநர் சென்னையில் இருக்கிறார், போன் போட்டுக் கேட்கிறேன், தலையிடக் கூடாது என்பது விதி என்றெல்லாம் நான் விளக்கினேன். அப்பீல் என் பக்கம் திரும்பவேயில்லை. மூத்த ரபியிடம், “நேத்து சொன்னது பேச்சுக்கா, நெசத்துக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரபி எழுந்தார். போய் வேனில் ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே மற்ற ஆறு பேரும் ஏறினார்கள்.

ஆலை வாசலில் வாட்ச்மேன் முடியாது என்றார்.

“சரி அப்பு, ஒனக்கு மேல யாரு?”

சூப்பர்வைசர் வந்தார். அவருக்கும் அதே கேள்வி. மேனேஜர் வந்தார். வெயிலில் குல்லாய் போட்ட ஏழு வெள்ளைக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். கதவு திறந்தது.

பெண்ணை வேனிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலத்துக்குள் அவள் கண் விழித்து, அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள்.

என் சோதனை அதோடு முடியவில்லை. ஆபத்து நீங்கிவிட்டதால் இனி வண்டி ஏறக் கூடாதாம். ஏழு பேரும் பழனி ரோட்டில் நடந்தார்கள். பக்தர் கூட்டத்தில் கலந்துபோனவர்களைத் தண்ணீர்ப் பந்தல்காரர்கள் மறித்து மோர் கொடுத்தார்கள். அப்பீல் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது டம்ளருக்காக வாதாடினார். காலி வேனில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஊர்ந்தேன்.

அப்பீல் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. இப்போதெல்லாம் யாராவது முடியாது என்றால் நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். அந்த நிலுவை மனுவோடு அவர் மேலே போய் உட்கார்ந்திருப்பார். நம் பக்கம் பேச அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்பது எனக்கு ஒரு தைரியம்.