ஒருத்தியும் கேட்காத சொற்பொழிவு

மேடைப் பேச்சில் பரிசு வாங்கியவனை ஒரு வாரம் சும்மா வீட்டில் உட்கார வைக்கக் கூடாது. கல்லூரியில் இரண்டு முறை பரிசு வாங்கியவன் சொல்கிறேன், நம்புங்கள். (ஒன்று எவர்சில்வர் டம்ளர். இன்னொன்றும் எவர்சில்வர் டம்ளர்தான்.)

எழுபதுகளின் நடுவில் நடந்தது. கேரளத்தில் பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். வைத்த காலை பி.ஏ. முடிக்கும்வரை வெளியே எடுக்கவில்லை. படிப்பு முடிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்குத் திரும்பியபோது, எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலை தருவதாகத் துரை சொல்லியிருந்தார். (மேனேஜர் நம் நாட்டுக்காரர்தான். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எங்களுக்குத் துரை.) அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் பெண்குலத்தை எழுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

‘வரலாற்றிலும் இலக்கியத்திலும் வீரப் பெண்கள்’ என்று தலைப்பு வைத்தேன். குதிரையேறிப் போரிட்ட ராணிகள், முறத்தால் புலியை விரட்டிய தமிழ்ப் பெண், பாட்டாலேயே அரசர்களுக்குப் புத்தி சொன்ன புலவர்கள், மன்னன் முன்னால் நிமிர்ந்து நின்று நியாயம் கேட்டவர்கள் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கூட்டம் என்று தட்டி எழுதிக் கட்டினேன். நான்கு ஆண்களும் ஓர் ஆடும் வந்தார்கள். பெண்கள் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் ரேஷன் வாங்கவும் போயிருந்தார்கள். (ஆடு பாதியில் எழுந்து போனது.)

பெண்கள் தப்பித்துப் போக முடியாத இடம் எது என்று யோசித்தேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகை. சாயங்காலம் அத்தனை பேரும் சாக்கோடு அங்கே வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

“நாளைக்கா? நாளைக்கு வேண்டாம்ல. நாளன்னைக்கு வச்சுக்கோ.”

“ஏம்மா?”

“வேண்டாம்னா வேண்டாம். ஒனக்குச் சொன்னா ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி.”

மகன் முதல்முதலாக ஊர் முன்னால் பேசப் போகிறான், பெற்ற வயிறு படபடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தாய்ப்பாசத்தை மன்னித்து, மறுநாளே கிளம்பினேன்.

முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கொட்டகை ஓரத்தில் கிடந்த தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். பெண்கள் தலைச்சுமையோடு வந்தார்கள். “தாய்மார்களே” என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. முன்னால் நின்ற என் அம்மா சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டாமல் காலடியில் இறக்கி வைத்தாள். அடுத்தவள் இறக்கினாள். அதற்கடுத்தவளும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றார்கள். கணக்கப்பிள்ளை, “மாட்டுங்கம்மா, நேரமாவுது” என்றார். ஒருத்திகூட அசையவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் புலியை விரட்டும்போது கணக்கப்பிள்ளை பேனாவை மூடினார். ராணி குதிரை ஏறும்போது கொழுந்து ஏற்ற வந்த டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்தார். சொற்பொழிவால் டிராக்டரை நிறுத்தியவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. குரலை இன்னும் ஒரு படி ஏற்றினேன்.

சூப்பர்வைசர் மத்தாயி சார் ஓடி வந்தார். நிறுக்காத கொழுந்து சாக்குக்குள் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தை ஃபாக்டரியில் தொட மாட்டார்கள். அவர் ஒரு பையனைப் பங்களாவுக்கு விரட்ட, சற்று நேரத்தில் துரையின் ஜீப் வந்து நின்றது.

“சார், இந்தப் பையனாக்கும் காரணம்” என்று மத்தாயி சார் என்னைக் காட்டினார். “பிரசங்கம் பண்ணிப் பெண்ணுங்களை இளக்கிவிட்டான்.”

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீதானே திங்கட்கிழமை வேலைக்குச் சேரணும்?”

கைக்கு வந்த வேலை போச்சு என்று தெரிந்தது. ஆனாலும் மேடைப் பேச்சாளன் அல்லவா. “ஆமா சார். ஆனா இவங்க மேல தப்பில்ல. என் பேச்சைக் கேட்டு மெய்ம்மறந்து நிக்கிறாங்க. தண்டனை எதுவானாலும் எனக்கே குடுங்க” என்றேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்கிறேன்.)

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா முன்னால் வந்தாள்.

“தொரை, இவன் பேச்சைக் கேட்டா நாங்க நிக்கோம்? இவன் சொல்லி எங்க வீட்டுக் கோழிகூடக் கூட்டுக்குள்ள போவாது.”

“அப்ப இவன் என்ன பேசினான்?” என்று துரை அடுத்து நின்ற குருவம்மா அத்தையைக் கேட்டார்.

“யாருக்குத் தெரியும்? புள்ளைக்கு வயித்துவலி போல, கத்துறான்னு பாவமா இருந்துச்சு.”

அதற்கடுத்து நின்றவள் செல்லத்தாய். என் வயதுதான் இருக்கும். “முறம், முறம்னாக. முறம் விக்க வந்திருக்காகன்னு நெனச்சேன். எங்க வீட்டுல முறம் இருக்கு சார்.”

கொட்டகையே சிரித்தது. மத்தாயி சார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்வரிசைக்காரிகளும் விடவில்லை. காது அடைத்திருந்தது, மலையாளத்தில் பேசுகிறான் என்று நினைத்தேன், இன்னும் முடிக்கவில்லையா என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். நான் பெட்டியிலிருந்து இறங்கினேன். இறங்கியதையும் யாரும் கவனிக்கவில்லை.

“பின்னே எதுக்கு நிக்கிறீங்க?” என்றார் துரை.

அம்மா தன் சாக்கிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள்.

“மழைக்காலத்துல ஈரக் கழிவுன்னு சாக்குக்கு ரெண்டு கிலோ கொறைச்சு எழுதுறீக. சரி, ஈரம், ஒத்துக்கிடுதோம். மழை விட்டு எத்தனை நாளாச்சு? இன்னைக்கும் அதே ரெண்டு கிலோ. நீங்களே பிழிஞ்சு பாருங்க. ஒரு சொட்டு வந்தா நாலு கிலோவா எடுத்துக்கிடுங்க.”

குரலை உயர்த்தவில்லை. கையையும் இறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் சாக்குக்குள் கையை விட்டு ஆளுக்கொரு பிடி கொழுந்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கவிழ்த்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். என் பேச்சில் வந்த ராணிகள் எல்லோருக்கும் குதிரை இருந்தது, வாள் இருந்தது. இவர்களிடம் ஒரு பிடி இலை.

துரை ஒரு கை கொழுந்தை வாங்கிப் பிழிந்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம், “மழை பெய்யாத நாளில் கழிவு போடாதே” என்றார். அம்மா அப்போதும் நகரவில்லை. “தொரை, சொன்னதை எங்க முன்னால எழுதச் சொல்லுங்க.” எழுதினார்கள். அதன் பிறகுதான் முதல் சாக்கு கொக்கியில் ஏறியது.

ஜீப்பில் ஏறும்போது துரை மத்தாயி சாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “அந்தப் பையன் திங்கட்கிழமை வரட்டும். அவன் பேசினா யாரும் கேட்க மாட்டாங்க. ஆபீசுக்கு நல்லது.” முப்பது வருஷம் நான் பார்த்த உத்தியோகத்துக்குக் கிடைத்த சிபாரிசு இதுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம், “உண்மையிலேயே ஒரு வார்த்தைகூடக் கேக்கலையாம்மா?” என்றேன்.

“கேட்டேன்னு சொல்லியிருந்தா ஒனக்கு வேலை போயிருக்கும். வாயை மூடிக்கிட்டு சாக்கை மடி.”

கேட்டாளா, கேட்கவில்லையா என்பதற்கு இதுவரை பதில் இல்லை. எங்கள் வீட்டில் ‘ஒரு வார்த்தையும் கேக்கல’ என்றால் என்ன அர்த்தம் என்று வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். என் கல்யாணத்தில் நன்றி சொல்ல நான் எழுந்ததும் லயத்துப் பெண்கள் ஒரே குரலில், “நாங்க கேக்கல” என்றார்கள். மணமேடையில் அதிகமாகச் சிரித்தவள் மணப்பெண். ஆமாம், செல்லத்தாய்தான். (வீட்டில் முறம் இருக்கிறது என்று முதலிலேயே சொன்ன பெண்ணை விட மனம் வரவில்லை.)

பல வருஷம் கழித்து அவள் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று ஜெயித்தாள். முதல் கூட்டத்தில், லயத்துக்குத் தண்ணீர் வராததைப் பற்றிப் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசி, எதிரே இருந்தவர்களைத் தலை நிமிரவிடவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும், “எப்படிங்க பேசுனேன்?” என்றாள்.

“ஒரு வார்த்தையும் கேக்கல” என்றேன்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.