எங்கள் வீட்டுக் குழாயின் முதல் தண்ணீர்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கை நலம். ஏழு மாதக் கர்ப்பிணியாக வந்து தங்கியிருக்கும் என் மகள் நலம். நான் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதிலை நேரில் சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு நீங்கள் கிளம்பி வரவேண்டும். வியாழக்கிழமை தாண்டிவிட்டால் வந்தும் பயனில்லை.

விஷயம் இதுதான். எதிர்வீட்டுத் தையல்காரரின் இரண்டு வயது மகள் கொஞ்ச மாதங்களாகச் சரியாகச் சாப்பிடாமல் துவண்டு துவண்டு படுத்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈயம் கலந்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவளைப் பார்த்த டாக்டர் தகவல் கொடுத்து, அரசுப் பல்கலைக்கழகத்தில் தண்ணீரை ஆராயும் துறையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஆள் வந்தார்கள். பெரிய படை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பேராசிரியை, ஸ்கூட்டரில் ஓர் ஆய்வு மாணவி, ஒரு பெட்டி நிறையக் காலி பாட்டில்கள், அவ்வளவுதான். காலையில் வீட்டில் யாரும் குழாயைத் திறப்பதற்குமுன், இரவு முழுக்கக் குழாய்க்குள்ளேயே நின்ற அந்த முதல் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்து வைக்கவேண்டும். இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் தலையாட்டினோம். ஆறு வருடத்துக்குமுன் எங்கள் வீட்டு இணைப்புக் குழாய் உடைந்து புதிதாகப் போட்டதை உங்கள் தங்கை சமையலறையிலிருந்தே சத்தமாகச் சொல்ல, அந்த மாணவி அதையும் எழுதிக்கொண்டாள்.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். செயலாளர் வீட்டுத் தண்ணீரிலேயே ஈயம் என்று பேப்பரில் வந்தால் நாளைக்கு என் பேச்சை எவன் கேட்பான்? முப்பத்து நாலு வருடம் பதிவறையில் கோப்பு அடுக்கியவன் நான். ஒரு தாள் ஒருமுறை கோப்புக்குள் போய்விட்டால் பிறகு யார் அழுதாலும் வெளியே வராது என்பது எனக்குத் தெரியும். அதனால், மச்சான், எப்படிச் சொல்வேன், அன்று விடியற்காலையில் எழுந்து கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த தண்ணீரை அந்தப் பாட்டிலில் ஊற்றி மூடி, குழாயடியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வாசலில் போய் நின்றேன். மாணவி வந்தாள், பாட்டிலை வாங்கினாள், "ரொம்ப நன்றி சார், எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்க வேலை சுலபம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. இருபத்திரண்டு வீட்டிலும் ஈயம். எங்கள் வீட்டில் மட்டும் துளிகூட இல்லை. நான் உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்ட நேரம் பத்து நிமிடம் இருக்கும். பேராசிரியை வீட்டுக்கே வந்து என் கையைக் குலுக்கினார். "தெருவுக்கே தண்ணி விடுற அதே மேல்நிலைத் தொட்டி, அதே தெருக்குழாய். ஆனா புதுசா இணைப்பு போட்ட உங்க வீட்டுல மட்டும் ஈயம் இல்ல. அப்ப குத்தம் தொட்டியில இல்ல, பழைய இணைப்புக் குழாய்லதான்னு நிரூபணம் ஆயிருச்சு சார். இனி நகராட்சி மறுக்க முடியாது. தெரு முழுக்க மாத்தியாகணும்" என்றார். மொத்த அறிக்கையும் என் ஒரு பாட்டில் மேல் நிற்கிறது. அந்தப் பாட்டில் கடைப் பாட்டில்!

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அறிக்கை கவிழும், குழாய் மாற்றுவது நின்றுபோகும், தையல்காரர் மகள் அதே தண்ணீரைக் குடிப்பாள். சொல்லாவிட்டால் எங்கள் வீட்டுக் குழாயில் உண்மையில் என்ன வருகிறது என்று யாருக்குமே தெரியாது, அதைத்தான் என் மகள் ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் குடிக்கிறாள், நிறையக் குடிக்கச் சொன்னாராம் டாக்டர். நான் கேன் கேனாகத் தண்ணீர் சுமந்து வந்து வைத்தேன். "அப்பா, குழாய்ல தண்ணி நல்லாத்தானே வருது? நம்ம வீட்டுதுதான் தெருவுலயே சுத்தம்னு சொன்னாங்களே?" என்கிறாள். நான் குழாய் ரிப்பேர் என்கிறேன். அவள் என் கண்முன்னாலேயே குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடிக்கிறாள். ஒவ்வொரு மடக்கும் என் தொண்டையில் இறங்குகிறது.

போன திங்கட்கிழமை துணிந்து பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். தைரியம் போவதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று கடை, பாட்டில், வாசல், மகள், தையல்காரர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அந்தப் பக்கத்துக் குரல், "ஐயா, இது மொழியியல் துறை. பதட்டத்துல ஜனங்க எப்படிப் பேசுறாங்கன்னுதான் நாங்க ஆய்வு பண்றோம். நீங்க பேசினது அருமையா இருந்துச்சு. இன்னொரு தடவ சொல்றீங்களா, பதிவு பண்ணிக்கிறோம்?" என்றது. போனை வைத்துவிட்டேன்.

நேற்றுத் தையல்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது வேறிடத்துத் தண்ணீர்தான் கொடுக்கிறார்களாம், குழந்தை முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. "உங்க வீட்டு பாட்டில் மட்டும் இல்லன்னா சார், தொட்டியச் சுத்தம் பண்ணிட்டு கைகழுவியிருப்பாங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டது. அழுகையைக் கண்ணாடி இல்லாததன் தலையில் போட்டுச் சமாளித்தேன்.

வியாழக்கிழமை மாலை சமுதாயக் கூடத்தில் கூட்டம். பேராசிரியை அறிக்கை வாசிக்கிறார், நகராட்சிப் பொறியாளர் வருகிறார், நான் மேடையில் இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம். பேசப்போகிறேன். உண்மையைச் சொல்லி, நாளைக்கே மறுபடி தண்ணீர் பிடித்துப் பாருங்கள் என்று காலில் விழப்போகிறேன். நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம் என்பதைக்கூட ஜனங்கள் அடிக்க வராத குரலில் சொன்னவர். நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். கூட்டம் முடிந்ததும் மகளை உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கைக்கு இது எதுவுமே தெரியாது. தெரிந்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஆசி சொல்லும் தகுதி வியாழன்வரை எனக்கு உண்டு.

இப்படிக்கு,
இதை எழுதும் நிமிடம்வரை செயலாளராக இருக்கும்
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உங்கள் புது முகவரி நினைவில்லாமல் உறையை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். ஒட்ட மறந்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு வந்து நிற்கிறாள். "அன்னைக்கு நீங்க கடைத் தண்ணி ஊத்துனத நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க வாசலுக்குப் போனதும் அதக் கொட்டிட்டு, கொடத்துத் தண்ணியில பாட்டில ஒழுங்கா அலசிட்டு, குழாயத் திறந்து மொதத் தண்ணிய நான்தான் புடிச்சு வெச்சேன்" என்கிறாள். முடிவு சரி, மச்சான்! அறிக்கை சரி, என் மகள் குடித்த ஒவ்வொரு டம்ளரும் சரி! ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், "நீங்க சோறு எறங்காமத் திரிஞ்சது பொண்ணு பிரசவத்த நெனச்சுத்தான்னு நெனச்சேன். பாசம்னு பூரிச்சுப் போயிருந்தேன்" என்கிறாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். "இதப் பாத்தாதான் அண்ணன் வருவாரு. ரெண்டு வருஷமா கூப்பிடுறேன், முட்டி வலி முட்டி வலின்னே சொல்லிட்டிருக்காரு." ஆகையால் நீங்கள் வரவேண்டிய காரணம் ஒன்றுகூட இப்போது இல்லை, அவசியம் வந்துவிடுங்கள். தபால்பெட்டிக்கு அவளே போகிறாளாம். என் கையில் கொடுத்தால் உள்ளே இருப்பதை மாற்றிவிடுவேனாம்.