சின்னசாமிக்கு மகள் இல்லை

மற்றவர்கள் பின்பற்ற வேண்டிய விதிகளை நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். நான் பின்பற்ற வேண்டியவற்றில் கையெழுத்துப் போடுவதோடு சரி. வங்கியோ, கைத்தொலைபேசிக் கடையோ, யார் தாளை நீட்டினாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி 'குணசேகரன்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்துவிடுவேன். இந்தக் குணத்தால் மூன்று வருடங்களுக்கு முன்பு ஈப்போவில் ஒரு மதியம், பெற்ற மகளைப் பார்த்து யாரென்றே தெரியாது என்று சொன்னேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

மகள் பெயர் தர்ஷினி. அப்போது ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் மருந்தியல் பட்டப்படிப்பின் நான்காவது, கடைசி வருடத்தில் இருந்தாள். சேர்ந்த முதல் நாளே மாணவர் கையேடு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். நான் உருவி எடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். (மேசை இன்றும் ஆடுகிறது.) வெள்ளை அங்கியின் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்க வேண்டும். நகம் விரல்நுனியைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டில் கோயில் கயிறுகூட ஆகாது. வராத நாளுக்கு மருத்துவர் கடிதம் வேண்டும். ஆகா, என்ன ஒழுங்கு! தினமும் காலையில் வாசலில் நின்று சோதனை போடுவேன்.

"நகம் காட்டு."

"ப்பா, காலேஜ்லகூட இவ்ளோ செக் பண்ண மாட்டாங்க லா!"

என் மனைவி சரோ அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். "விடுங்களேன். அந்தப் புள்ள படிக்கப் போவுதா, பட்டாளத்துக்குப் போவுதா?"

எனக்கு மிகவும் பிடித்த விதி செயல்முறைத் தேர்வு பற்றியது. அந்தத் தேர்வில் ஒரு சிறிய அறையில் வெளியாள் ஒருவர் நோயாளியாக நடிப்பார். மாணவர் உள்ளே வந்து மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்கு விளக்க வேண்டும். மூலையில் தேர்வாளர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். நோயாளியாக நடிப்பவர் மாணவருக்கு உறவினராக இருந்தால், பேச்சைத் தொடங்கும் முன்பே மாணவர் அதைத் தேர்வாளரிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் தேர்வு செல்லாது. அந்தப் பருவம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். இதற்கு இரட்டைக் கோடு போட்டு, ஓரத்தில் 'மிக முக்கியம்!!' என்றும் எழுதி வைத்தேன்.

"உள்ள தெரிஞ்சவங்க ஒக்காந்திருந்தா?"

"கைதூக்கிச் சொல்லணும்."

"எப்போ?"

"ஒடனே. ப்பா, பஸ் போயிரும்பா!"

தேர்வு நெருங்கியபோது என் நண்பன் பாலா கூப்பிட்டான். கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்பவன்.

"மச்சான், தமிழ் பேசுற பேஷண்ட் ஒருத்தர் கொறையுது. நீ வாரியா? ஒனக்கு மூணாவது வருசப் பசங்கதான். ஒம் பொண்ணுக்கு வேற ரூமு. காலைல நாசி லெமாக், மத்தியானம் பிரியாணி."

கோயில் திருவிழா நாடகங்களில் நான் இருபது வருடமாக வாயிற்காவலன். வேல் பிடித்து நிற்பேன், வசனம் கிடையாது. முதல் முறையாகப் பேசும் பாத்திரம் தேடி வந்திருக்கிறது. பிரியாணிக்காகப் போனேன் என்று சரோ சொல்வதை நம்பாதீர்கள். (முழுக்க நம்பாதீர்கள்.) தர்ஷினியிடம் சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் போக விடமாட்டாள் என்பதுதான் உண்மை.

அன்று காலை பாலா நான்கைந்து தாள்களை நீட்டினான். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் இங்க." மூன்று இடத்தில் கோடிழுத்துக் கொடுத்தேன். நான் உண்மையில் படித்தது நடிப்புக்கான தாளை மட்டும்தான். பெயர் சின்னசாமி, வயது அறுபத்திரண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூச்சிரைப்பு. புதிதாகக் கொடுத்த உறிஞ்சு மருந்தைத் தப்பாக இழுப்பவர். சொன்னால் கேட்க மாட்டார். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'முடிவு மணி அடிக்கும்வரை எக்காரணம் கொண்டும் பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது.'

அதை விரதமாகவே எடுத்துக்கொண்டேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான், சின்னசாமிகளை எனக்குத் தெரியும். கைலி கட்டி, தோளில் துண்டு போட்டு உட்கார்ந்தேன். காலையில் பதினோரு மாணவர்கள் வந்து "வாங்கப்பா, எப்டிப்பா இருக்கீங்க" என்று அன்பாக விசாரித்தார்கள். நான் இருமிய இருமலில் ஒரு பையன் மருந்தை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டான்.

தேர்வாளர் டாக்டர் பரமேஸ்வரி, யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"நல்லாச் செய்யிறியள், மிஸ்டர் குணசேகரன். இருமலை மட்டும் கொஞ்சம் குறையுங்கோ."

முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது.

மதியம் ஒரு விபரீதம். நான்காம் வருடத்து அறையில் நோயாளியாக நடித்தவர் உண்மையாகவே காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய மாணவர்களை என் அறைக்குத் திருப்பிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரியாணி உண்ட மயக்கத்தில் நானும் எதையும் கேட்கவில்லை.

மணி அடித்தது. கதவு திறந்தது. தர்ஷினி.

பொத்தான் கழுத்துவரை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. சத்தியமாக முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், கைலியைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள்.

"டாக்டர், இவங்க எங்கப்பா."

நான் அங்கேயே எழுந்து 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் தடித்த எழுத்து கண்ணில் ஆடியது. முடிவு மணி இன்னும் அடிக்கவில்லையே! இருமினேன்.

"யாரும்மா நீ? நல்ல மரியாதை தெரிஞ்ச புள்ள. அப்பாங்குது."

டாக்டர் சிரித்தார். "ஓம், எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் கூப்பிடுதுகள். தொடங்குங்கோ."

"ஐயோ இல்ல டாக்டர். சொந்த அப்பா! பெத்த அப்பா!"

"எனக்குப் பொண்ணே இல்லியேம்மா. ரெண்டும் பசங்க. ஒருத்தன் லூமுட்டுல நேவில இருக்கான்." (இது தாளில் இல்லை. என் சொந்தக் கற்பனை வளம்.)

"ப்பா, வெளயாடாதீங்கப்பா!" அவள் கண் கலங்கிவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். கலை என்னை விடவில்லை.

"டாக்டரம்மா, இந்தப் புள்ள யாருன்னே தெரியலியே. ஒடம்பு கிடம்பு சரியில்லபோல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தேர்வு பயத்தில் பெண் உளறுகிறாள் என்று அவர் முடிவு கட்டியது முகத்தில் தெரிந்தது. "பிள்ளை, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு..."

தர்ஷினி தண்ணீரை வாங்கவில்லை. என்னைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டாக்டர், இவரு டெய்லி பிரஷர் மாத்திரைய முழுங்கற மாதிரி நடிச்சிட்டு ரோஜாத் தொட்டில துப்பிருவாரு. அம்மாக்குத் தெரியாது."

"ஏய், ரெண்டே நாள்தான்!" என்று நான் கத்தினேன். இருமல் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

"அப்ப," என்றார் டாக்டர் பரமேஸ்வரி, "நீங்கள் தகப்பன்தான்."

அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் துறைத்தலைவர் முன்னால். நான் கைலியோடு. அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். 'இக்கல்லூரியில் பயிலும் எந்த மாணவரும் எனக்கு உறவினர் அல்லர்.' கீழே குணசேகரன். அடியில் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே மூச்சிரைத்தது. அப்பனும் மகளும் பேசிவைத்துச் செய்தது என்று அவர்கள் நினைத்துவிட்டால் பருவம் போச்சு. அடுத்த மாதம் தொடங்கும் மருத்துவமனைப் பயிற்சியும் போச்சு. நான்கு வருடம் அவள் கண்முழித்துப் படித்ததை நான் ஒரு தட்டு பிரியாணிக்கு விற்றுவிட்டேன். தர்ஷினி என் பக்கம் திரும்பவே இல்லை.

"தப்பு என்னோடது. படிக்காமப் போட்டுட்டேன். அவளுக்கு நான் வந்ததே தெரியாது," என்றேன். என் குரல் வாயிற்காவலன் குரலாகச் சுருங்கியிருந்தது.

துறைத்தலைவர் அவளிடம் கேட்டார். "இந்த விதி ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் பையிலிருந்து கையேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். இரட்டை மஞ்சள் கோடு. 'மிக முக்கியம்!!'

"அப்பா எழுதினது. தெனமும் கேள்வி கேப்பாரு."

துறைத்தலைவர் கையேட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கையெழுத்து. ஒன்றைப் படித்தவனும் மற்றதைப் படிக்காதவனும் ஒரே ஆள்.

கூடவே வந்திருந்த டாக்டர் பரமேஸ்வரி தொண்டையைச் செருமினார். "பிள்ளை உள்ளுக்கு வந்த உடனே சொன்னது. திரும்பவும் சொன்னது. மறைச்சது இவர்தான்."

தீர்ப்பு இதுதான்: மாணவி விதிப்படி நடந்திருக்கிறாள். நான்கு மணிக்கு வேறு நோயாளியோடு மறுபடி தேர்வுக்குப் போகலாம். குணசேகரன் ஆயுளுக்கும் அந்தத் தேர்வறைப் பக்கம் வரக் கூடாது. ஆயுள்தடை கேட்டு இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்ட ஆள் ஈப்போவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தத் தடைத்தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நாலரை மணிக்கு அவள் கேண்டீனுக்கு வந்தாள். என் முன்னால் ஒரு குவளை தே தாரே, நுரை பொங்க ஆற்றிய தேநீர், ஆறிக் கிடந்தது.

"எப்டிம்மா?"

"அந்த அங்கிள் இருமவே இல்லப்பா," என்றாள். "சொர்க்கம்." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துத் தேறிவிட்டாள் என்று தெரிந்ததும் நானும் சிரித்தேன்.

சரோ மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மாத்திரையை நான் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவளுக்குக் கோபம் வந்தால் நான் சின்னசாமி. "சின்னசாமி, பொண்ணுதான் இல்ல, பொண்டாட்டியாவது இருக்காளா?"

தர்ஷினி இப்போது லூமுட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். போன மாதம் நாங்கள் போயிருந்தபோது கடையில் கூட்டம். வரிசையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கி, பொத்தான், நகம், எல்லாம் சரி. கூட வேலை செய்யும் பெண் அவள் காதருகில் குனிந்து முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

"அக்கா, யாருக்கா அந்த அங்கிள்? ஒங்களையே மொறைச்சுக்கிட்டு நிக்கிறாரு."

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில் கையைத் தூக்கினாள்.

"ஒடனே சொல்லிறணும்லா. எங்கப்பா," என்றாள். "ஆனா நீ அவருகிட்ட போய்க் கேக்காத. இல்லன்னு சொல்லிருவாரு."